பின்வரிசையில் மூன்றாவது முகம்

சட்டையை மாட்டிப் பார்க்கத்தான் அந்த முகத்துக்குக் கீழே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் என் வீட்டுக்காரர்.

மணி பதினொன்று. ஊர்வலம் நாலு மணிக்கு. பட்டறைச் சுவரில் இருபத்திரண்டு முகங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காகிதமும் மாவுப் பசையும் வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்தவை. ஒவ்வொன்றும் விரித்த குடை அகலம். அத்தனையும் செத்துப்போனவர்களின் முகங்கள். என் வீட்டுக்காரரோ அன்று காலையில்தான், டீ ஆறிப்போச்சு என்று சொல்லி என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய முகம். நெற்றியில் விழுகிற முடி, ஒட்டிய கன்னம், எதையோ நம்பாதவர் மாதிரி எப்போதும் தூக்கியே நிற்கிற இடது புருவம். இப்போது முடி போய்விட்டது, கன்னம் உப்பிவிட்டது. புருவம் மட்டும் இறங்கவில்லை. இருபது வருடமாக அந்தப் புருவத்தோடு சண்டை போடுகிறவள் நான், எனக்குத் தெரியாமல் போகுமா?

எங்கள் பட்டறை முன்பு அச்சகமாக இருந்த இடம். வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள் ஊரில் ஊர்வலம் போகிறது. கிணறு தோண்டப் போனவர், சாரத்திலிருந்து விழுந்தவர், லாரியோடு போனவர் என்று எல்லாரும் உண்டு. குடும்பத்தார் போட்டோ கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் முகம் செய்து, நீளக் கழியில் பொருத்தி, கீழே ஒரு சட்டையைத் தொங்கவிட்டுத் தருவோம். அவர்களே தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார்கள். மேடை, பேச்சு எதுவும் கிடையாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

முகங்களுக்கு எஜமான் பெயின்டர் அண்ணன். கடைப் பலகை எழுதுகிறவர். சட்டைகளுக்கு நான். டெய்லர் என்றால் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள், பட்டறையில் டெய்லர் என்றால் நான் ஒருத்திதான். ஆறு வருடத்துக்கு முன் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து சேர்ந்தேன். நல்ல மனசு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை கடைசி இரண்டு வாரம் நான் இல்லை. தங்கைக்கு ஆபரேஷன்; அவள் வீட்டில் இருந்தபடியே சட்டைகளைத் தைத்தேன். அண்ணன் போனில் அளவு மட்டும் சொல்வார், யாருக்கு என்று நான் கேட்பதில்லை. அன்று விடியற்காலைதான் வீடு திரும்பினேன், அங்கிருந்து மூட்டையோடு பட்டறையில் வந்து இறங்கினேன். இறங்கினால் இப்படி.

முகத்தின் ஓரத்தில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தேன். அண்ணனின் அழகான கையெழுத்து. நூல் மில் தீ விபத்து. மனைவி, பஸ் கண்டக்டர். பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது. சீட்டுக்குப் பின்னால் போட்டோ. மில்லுக்குப் புது மெஷின் வந்த அன்று எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தது. பின்வரிசையில் எட்டுப் பேர். இடமிருந்து மூன்றாவது, வட்ட முகமாக, பல் தெரியச் சிரிக்கிற ஒருவர். வலமிருந்து மூன்றாவது என் வீட்டுக்காரர்.

எங்கள் பட்டறையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது. போட்டோவைப் பெரிதாக்கி, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துப் பென்சிலால் வரைவோம். பிறகு அந்தப் பேப்பரைக் கவிழ்த்துப் பலகையில் வைத்துத் தேய்த்தால் கோடுகள் பலகையில் இறங்கும். ஆனால் இடம் வலம் மாறித்தான் இறங்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒருவருடைய மச்சம் இப்படித்தான் எதிர்க்கன்னத்துக்குப் போய்விட்டது. அவருடைய மகள் பார்த்துவிட்டு, இது எங்க அப்பா இல்ல, அப்பா கண்ணாடியில தெரிவாரே அவரு, என்றாள். அன்றிலிருந்து, எதைச் செய்வதற்கு முன்னாலும் பேப்பரை ஒரு தடவை திருப்பிப் பின்பக்கம் வரைந்துகொள்ள வேண்டும் என்று அண்ணன் சட்டம் போட்டார். பின்வரிசை முழுவதையும் வரைந்து, தன் சட்டப்படி திருப்பி வைத்து, அப்புறம் இடமிருந்து எண்ணியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது கதை.

நூல் மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்துக்கு முன் அதன் பின்கட்டில் தீப்பிடித்தது. உள்ளே ஒன்பது பேர். நூல் திருட்டுப் போகிறது என்று வேலை நேரத்தில் பின்கட்டைப் பூட்டி வைப்பது மில்லின் வழக்கம். சாவி அந்த ஷிப்டின் மேஸ்திரியிடம் இருக்கும். அன்று மேஸ்திரி என் வீட்டுக்காரர். லாரிக்குக் கையெழுத்துப் போட முன்வாசலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று விசாரணையில் சொன்னார். ஆபீஸும் எரிந்து சாம்பலாகியிருந்தது. எந்த ஆணி, எந்தச் சாவி என்று யார் தேடுவது? கரண்ட் கோளாறு என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மறுநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தவள் நான். பையில் சாவி இருந்தது.

அதை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலது உள்ளங்கையில் கட்டு. லாரி சைலன்சர் சுட்டுவிட்டது என்றார். சரி என்றேன். ஒரே மாதத்தில் ஊரின் இந்தக் கோடிக்கு வீடு மாறினோம். ஒன்பது குடும்பங்களும் மேஸ்திரி எங்கே, மேஸ்திரி எங்கே என்று தேடியது எங்கள் காதுக்கும் வந்தது. அவர் வாசல் பக்கமே வராமல் மிக்ஸி, ஃபேன் என்று ரிப்பேர் வேலையில் உட்கார்ந்துவிட்டார். மில் ஆட்கள் யாரும் பட்டறைக்கு வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஆறு வருடமாக இங்கே தைத்துக்கொண்டிருந்தேன். வேறு யார் யாருக்கோ பட்டன் வைத்தால் என் மனசு அடங்கும் என்று ஒரு நப்பாசை. அடங்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது கண்டக்டரம்மா மூன்று மணிக்கு வந்து இந்த முகத்தைப் பார்ப்பாள். பார்த்ததும், இது என் புருஷன் இல்லை, மேஸ்திரி என்பாள். பெயின்டர் அண்ணன் பக்கத்தில் நிற்பார். அவருடைய ஸ்பிரே மெஷினை ரிப்பேர் செய்ய மூன்று தடவை என் வீட்டுக்கு வந்திருக்கிறார், என் வீட்டுக்காரரின் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். முகத்தைப் படித்துச் சோறு தின்கிற மனிதர். மேஸ்திரி என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அந்தப் புருவத்தை ஒரு தடவை பார்ப்பார், என்னை ஒரு தடவை பார்ப்பார். பதினான்கு வருடம் மூடி வைத்தது அந்த இடத்திலேயே திறந்துவிடும்.

அண்ணன் கழிகளை வாங்கி வரப் போயிருந்தார். மற்றவர்கள் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் மட்டும்.

கீழே தள்ளி மிதித்துவிட்டு, கைதவறி விழுந்துவிட்டது என்று சொல்லலாமா? ஒரு நிமிடம் நிஜமாகவே கையை நீட்டினேன். ஆனால் அந்தப் பொம்பளை வெறுங்கையோடு போவாள். அதற்கும் மனம் வரவில்லை. மாற்றிவிடலாம் என்று தோன்றியது. போட்டோவைப் பக்கத்தில் வைத்து, என் வீட்டுக்காரரை அவள் வீட்டுக்காரராக ஆக்கிவிடலாம். எனக்குப் பெயின்ட் பிடிக்கத் தெரியும், அண்ணனிடம் ஆறு வருடமாகப் பார்த்தது எங்கே போகும்?

முதலில் புருவத்தை அழித்தேன். தோல் நிறத்தைக் குழைத்து அதன்மேல் பூசினேன். உயிரோடு இருக்கிற மனிதரைச் செத்தவர்கள் வரிசையில் நிற்கவைத்து, நானே அவர் முகத்தைத் துடைக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேதான் துடைத்தேன். நெற்றி முடியை மேலே ஏற்றினேன். வாயை அகலமாக்கி, பல்லை வரைந்தேன். கன்னம் ஒட்டியிருந்தது, வட்டமாக்க மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து ஒட்டினேன். ஒரு பக்கம் நின்றது. மறுபக்கத்துக்குப் போவதற்குள் முதல் பக்கம் தொங்க ஆரம்பித்தது. அழுத்திப் பிடித்தேன். ஈரம் உள்ளே இறங்கி, அடியில் இருந்த பழைய கன்னமும் இளகியது. மேலே பூசிய நிறம் வடிந்து பல்லின் மேல் ஓடியது.

ஒன்றே முக்கால் மணிக்குத் தள்ளி நின்று பார்த்தேன். அது என் வீட்டுக்காரரும் இல்லை, சிரிக்கிற அந்த மனிதரும் இல்லை. பல்வலிக்காரன் ஒருவன் சிரிக்கப் பார்ப்பது போல இருந்தது. வேறு நாளாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அண்ணன் கழிகளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

ஜாடை ஒத்துவரவில்லை, அதனால் கொஞ்சம் சரிபண்ணலாம் என்று பார்த்தேன் என்று உளறினேன். அவர் போட்டோவை எடுத்தார். சீட்டைப் படித்தார். பழைய டிரேசிங் பேப்பரைச் சுருளிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தான்தான் மாற்றி எண்ணிவிட்டதாகச் சொன்னார். முப்பது வருடமாக ஒரு கடைப் பலகையில்கூட ஓர் எழுத்தை மாற்றிப் போட்டதில்லையாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தப்பைக் கண்டுபிடித்து, அவருடைய மானத்தைக் காப்பாற்ற யாரிடமும் சொல்லாமல் போராடியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். கண் கலங்க எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. முகம் அழிந்துவிட்டது, போட்டோவில் தலை கடுகளவு, அண்ணன் குழம்பிப்போய் இருக்கிறார். நான் தப்பித்துவிட்டேன் என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது.

கண்டக்டரம்மா இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டாள். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். காக்கிச் சட்டை, இடுப்பில் விசில், நாள் முழுக்கக் கத்தி அடைத்துப்போன தொண்டை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். வாசலில் நின்று வரிசையாக எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசி முகத்துக்கு வந்ததும் நின்றாள்.

அண்ணன் அவள் எதிரில் கைகட்டி நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார். டெய்லரம்மா பாவம் சரிசெய்யப் பார்த்தாள், பழி முழுக்கத் தன்மேல்தான் என்றார். இன்று புது முகம் செய்ய முடியாது, காய இரண்டு நாளாகும், அடுத்த வருடம் முதல் முகம் அவருடையதுதான் என்றார். அவள் கோபப்படவில்லை. போட்டோவில் கடுகு மாதிரி இருந்தால் யாருக்குத்தான் தெரியும், இந்தப் போட்டோ கிடைத்ததே போன மாதம்தான் என்றாள். என் கையில் இருந்த நீலச் சட்டையைத் தொட்டு, காலரைத் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அப்போ யாரை வரைஞ்சீங்க?"

அண்ணன் போட்டோவில் விரலை வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். போட்டோவைக் கண்ணுக்கு நெருக்கமாக இழுத்தாள்.

இவர் மேஸ்திரி அண்ணன் என்றாள். என் புருஷனும் இவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள், இவரைத் தேடாத இடமில்லை என்றாள். எதற்கு என்று பெயின்டர் அண்ணன் கேட்டார். அடிக்க இல்லை, ஒரு வார்த்தை கேட்கத்தான் என்றாள். அண்ணன் அந்த முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் பூசிய பூச்சு என்னைக் காப்பாற்றியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான், இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்த வருடமும் போய்விடும்.

அவள் போட்டோவைத் துடைத்துத் தன் பைக்குள் வைத்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னாள்.

"அவரும் இருக்காரோ என்னவோ. இல்லேன்னா அடுத்த வருஷம் அவருக்கும் ஒரு முகம் பண்ணுங்கண்ணே. அவரும் அன்னைக்கு வேலைக்குப் போனவர்தானே. முழுசாவா வீட்டுக்குத் திரும்பியிருப்பாரு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினான்கு வருடமாகத் திட்டுக்குத்தான் என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

"இருக்காரு," என்றேன். "என் வீட்டுக்காரர்தான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண்டக்டரம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், டிக்கெட் எடுக்காதவளைப் பார்ப்பது போல. சுவரில் இருந்த அந்தக் கோர முகத்தைப் பார்த்தாள். எதற்காக அதை அழித்தேன் என்பது அவளுக்குப் புரிந்த நொடி எனக்கும் தெரிந்தது.

"இப்பவும் போட்டோவுல மாதிரித்தான் இருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்ல. முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

"எங்க வீட்டுக்காரருக்குக் கொட்டவே இல்ல," என்றாள். பிறகு வீடு எங்கே என்று கேட்டாள்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து, ஊர்வலம் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று மெல்ல நினைவுபடுத்தினார். எனக்காக யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கழியை எடுத்து நீலச் சட்டையை அவளே அதில் மாட்டினாள். முகம் இல்லாத சட்டை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நட என்பது போல என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. அவள் ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய கால்களோடு வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். தெருவில் ஊர்வலம் பார்க்க நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள், இது என்ன ஒற்றை ஆள் ஊர்வலம் என்பது போலத் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் போன் பண்ணிச் சொல்லலாமா என்று பைக்குள் கை போனது. சொன்னால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார், எனக்கு அவரைத் தெரியும். கையை எடுத்துக்கொண்டேன். பாதி வழியில், இதையும் சொல்லிவிட வேண்டும், அங்கே போய்த் தெரிந்தால் இன்னும் மோசம் என்று பட்டது.

"சாவி ஆணியில இல்ல. அவர் பையிலதான் இருந்துச்சு."

அவள் நின்றாள். கழியின் மேலே சட்டை மட்டும் காற்றில் ஆடியது. அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் கேட்டது வேறு. அது உனக்கு எப்போது தெரியும் என்றாள். மறுநாளே என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

ஊர்வலம் எங்கள் தெருமுனையைக் கடக்கும் என்பதால், வருடத்தில் அந்த ஒரு நாள் என் வீட்டுக்காரர் முன்கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்வார். அன்றும் பூட்டியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடி ஓடி நின்றுகொண்டிருந்தது, சரிபார்க்கிறார். என்னிடம் இன்னொரு சாவி உண்டு. பையில் துழாவி எடுத்தேன்.

கண்டக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். அவரே திறக்கட்டும்."

கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். மூன்று தட்டு. அண்ணே, நான்தான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அடைத்த தொண்டைதான், ஆனாலும் அந்தக் குரல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிக்ஸி நின்றது.

அப்புறம் ஒன்றும் இல்லை. நாற்காலி நகரவில்லை, செருப்புச் சத்தம் இல்லை. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி. அவசரமே இல்லாமல், விடாமல் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். எனக்குத் தாங்கவில்லை, திறந்து தொலைங்களேன் என்று கத்த வாய் வந்தது. ஏழு நிமிடம் என்று பிற்பாடு எதிர்வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது. அவர் பின்வாசலை நினைத்திருப்பார். நினைத்தார் என்று அவரே சொன்னார், பிறகு.

பூட்டு திரும்பியது. கதவு முக்கால்வாசி திறந்தது. பனியனோடு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், கழியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

உட்காரச் சொல்லவும் இல்லை, அவள் உள்ளே வரவும் இல்லை. சாவி இருந்தது தெரியும் என்று மட்டும் சொன்னாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி அரை மணி நேரம் சொன்னார். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அவர் ஓடி வந்திருக்கிறார். புகைக்குள் நுழைந்து, கதவு வரைக்கும் போய், சாவியைத் துளையில் நுழைத்திருக்கிறார். நுழைத்தவர் கைப்பிடியைப் பிடித்ததும் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. விட்டுவிட்டார். சாவியை உருவிக்கொண்டு, கையில் சுற்ற ஈரச் சாக்கு தேடி ஓடினார். தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போய்த் திரும்பி வர மூன்று நிமிடம் ஆனது. வந்தபோது உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"கையை எடுக்காம இருந்திருந்தா திறந்திருக்கும்மா," என்றார். வேறு ஒன்றும் சொல்லிச் சமாதானம் பண்ணப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று விட்டேன். கண்டக்டரம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அவள் படியில் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"தட்டுனது யாரு?"

"அவன்தான். கதவை ஒட்டி அவன்தான் இருந்தான். என்னைக் கூப்பிட்டுக்கிட்டே தட்டுனான்."

"என்னன்னு கூப்பிட்டாரு?"

"மாப்ளேன்னு. எப்பவும் கூப்பிடுற மாதிரியே."

தெருமுனையில் ஊர்வலத்தின் முதல் முகம் தெரிந்தது. மணி நாலைத் தாண்டியிருக்க வேண்டும். பெயின்டர் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தார். எங்கள் வாசலைப் பார்த்ததும் நின்றார்; அவருக்குப் பின்னால் மொத்த வரிசையும் நின்றது. கண்டக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. வெட்கப்படுகிறவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. தினம் ஆயிரம் பேர் குரல் என் காதுல விழுது. பஸ்ஸுல கத்திக் கத்தி, கேட்டுக் கேட்டு, அவர் குரல் எனக்கு மறந்துபோச்சு. முகம்கூட போட்டோவுல கிடைச்சிடுச்சு. குரலுக்கு எங்க போவேன்? அதைக் கேட்கத்தான் உங்களைத் தேடினேன்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எப்படிக் கூப்பிட்டாருன்னு கூப்பிட்டுக் காட்டுங்க."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் காத்திருந்தாள். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"மாப்ளே," என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை என்று கையசைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இழுப்பாரு."

அவர் நிமிர்ந்து, திறந்து கிடந்த எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு, தன் குரல் இல்லாத ஒரு குரலில், கடைசி எழுத்தை நீட்டி, தன்னையே கூப்பிட்டார்.

"இதுதான்," என்றாள் அவள். "இன்னொரு தடவை."